குளிர்காலமும் குழந்தைகளின் மூச்சும்

தடிமன் கண்டால் கொத்தமல்லியும் சுக்கும் திப்பிலியும் அவித்துக் குடிப்பது ஊரிலிருந்து லாச்சப்பல் வரை தொடரும் வழக்கம். பெரியவர்க்கு அது ஆறுதல் தரலாம். கைக்குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு அது மருந்தாகாது.

பிரான்சில் ஒவ்வொரு குளிர்காலத்திலும், இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரை 'புரொங்கியோலித்' எனும் நுண்மூச்சுக்குழாய் அழற்சி தாக்குகின்றது. இதற்குப் பெரும்பாலும் விஆர்எஸ் என்ற வைரசே காரணம். பெரியவர்க்கு வெறும் தடிமனாக வந்துபோகும் அதே வைரசு, குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய்களை வீங்கச்செய்து சளியால் அடைக்கின்றது.

பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடுகின்றன. மூக்கை உப்புநீர்க் கரைசலால் கழுவுதல், பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுதல், அறையைப் புகையின்றிக் காற்றோட்டமாக வைத்திருத்தல் ஆகியனவே முதன்மையான பராமரிப்பு. வைரசுக்கு எதிராக அன்ரிபயோற்றிக் பயன்படாது. சளி இளக்கும் பாணிகள் இரண்டு அகவைக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாதென 2010இலேயே பிரான்சில் விலக்கப்பட்டன. ஓர் அகவை நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

ஆபத்தைக் காட்டுவது இருமலின் சத்தமன்று, மூச்சின் தோற்றமே. சட்டையைக் கழற்றி நெஞ்சைப் பார்த்தல் வேண்டும். மூச்சு வேகமாதல், விலா எலும்புகளிடையே தோல் உள்ளிழுபடுதல், மூக்குத்துவாரங்கள் விரிதல், தொடர்ந்து பலமுறை பாதிப் பாலைக்கூடக் குடியாமை, அசாதாரணச் சோர்வு, உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் உடனே 15ஐ அழைத்தல் வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தையெனில் மூச்சுச் சிரமத்தின் முதல் அறிகுறியிலேயே மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

பிரெஞ்சு தெரியாத தயக்கத்தால், மூத்த பிள்ளை பாடசாலையால் வரும்வரை காத்திருக்கும் பெற்றோர் உளர். அந்தக் காத்திருப்பே உயிருக்கு உலை வைக்கலாம். "பெபே ரெஸ்பீர் மால்" (குழந்தை மூச்செடுக்கச் சிரமப்படுகின்றது) என்ற மூன்று சொற்களும், குழந்தையின் வயதும், வீட்டு முகவரியும் தொடங்குவதற்குப் போதுமானவை. 15 கட்டணமற்றது, இரவுபகல் இயங்குவது. இச்சொற்களையும் முகவரியையும் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவைப்பது இளையோர் இன்றே செய்யக்கூடிய பணி.

தடுக்கும் வழியும் உண்டு. குழந்தைக்கான நிர்செவிமாப் ஊசி 2023 முதலும், கர்ப்பிணித் தாய்க்கான தடுப்பூசி 2024 முதலும் பிரான்சில் குளிர்காலத்துக்கு முன்பாக வழங்கப்படுகின்றன. ஆறு அகவைக்குட்பட்டோரைக் கட்டணமின்றிப் பார்க்கும் பிஎம்ஐ நிலையங்களில் இவை குறித்துக் கேட்டறியலாம்.

மொழியைக் கற்க ஆண்டுகள் செல்லலாம். குழந்தையின் மூச்சு அதுவரை காத்திராது.