டயருக்குக் காற்று, கணக்குக்குக் கெல்வின்

அக்னி நட்சத்திரம். நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை 27 டிகிரியில் கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. காற்று அடித்தாயிற்று. விருத்தாசலம் போய்த் திரும்பினால் டயர் 57 டிகிரி. "57-ஐ 27-ஆல் வகுத்தால் அழுத்தம் இரண்டு மடங்காச்சே!" என்று பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயர்தான் ஓட்டத்தில் அதிகம் சூடேறி வெடிக்கும்.

வாயு விதிக்கு செல்சியஸ் ஆகாது. 273 கூட்டிக் கெல்வினாக்குங்கள்: 300, 330. பத்து சதவீதம்தான் ஏற்றம். மீட்டர் காட்டும் 30-உடன் வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் 44.7, அது 49.2 ஆகும். மறுபடி 14.7-ஐக் கழித்தால், மீட்டரில் சுமார் 34.5.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் இதேதான். வாயு மாறிலி 8.314 என்றால் பாஸ்கல், கன மீட்டர், 0.0821 என்றால் அட்மாஸ்பியர், லிட்டர். கெல்வின் இரண்டுக்கும் பொது. கலந்தால் மார்க் போச்சு!