தகரப் பெட்டியோடு போன சரித்திரம்



போன வாரம் என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தேன். "ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பத்து வரி எழுதி வாருங்கள்" என்றேன். 14 பிள்ளைகளில் 11 பேர் வெறும் நோட்டோடு வந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, ஒரு பையன் எழுந்து நின்று, "டீச்சர், எங்க வீட்ல அப்படிப் பெரிய ஆளு யாரும் இல்ல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொன்னவள்தானே!

என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். அதற்கும் முன்னே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. காலையில் முகம் கழுவியதும் லயத்து வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "ஜெய் ஹிந்த்" என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "மெதுவாச் சொல்லுங்க தாத்தா" என்று கெஞ்சியிருக்கிறேன்.

அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குப் பதினேழு வயதானபோது அவர் காலமானார். பிறகு தோட்டம் கைமாறி நாங்கள் தாமான் வீட்டுக்குக் குடிபோனபோது, துருப்பிடித்த அந்தப் பெட்டி பழைய இரும்பு வாங்குகிறவரின் லாரியில் ஏறிப் போயிற்று. தூக்கி ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி.

தாத்தாவின் கதையை எழுத என்னிடம் காகிதம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இருந்த அதே ராணுவத்தில் இருந்த ஒரு பெண்மணியின் கதை பதிவாகியிருக்கிறது. அவர் நம் கோலாலம்பூரிலேயே பிறந்தவர். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரை உங்களில் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள்.

ஜானகி 1925இல் வசதியான தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர இயக்கத்தின் தலைமையை ஏற்றுக்கொண்டு, பின்பு கோலாலம்பூருக்கும் வந்து பேசினார். இந்தியாவின் விடுதலைக்காக உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த ஜானகி தம் காதிலிருந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு 18 வயது. தோட்டைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேரப் போவதாக வீட்டில் சொன்னார். தகப்பனார் ஒப்பவில்லை. வயதுக்கு வந்த பெண் துப்பாக்கி தூக்குவதா என்று எந்தத் தகப்பன்தான் கேட்கமாட்டார்? மகள் விடவில்லை, கடைசியில் தகப்பனார் இணங்கினார்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்தான் அந்தப் படைக்குத் தலைவி. 1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. செல்வத்தில் வளர்ந்த ஜானகிக்கு முகாம் வாழ்க்கை முதலில் ஒத்துவரவில்லை. போகப் போகப் பழகிக்கொண்டு, படையின் இரண்டாம் தலைவி என்ற பொறுப்பு வரை உயர்ந்தார்.

ஆனால் அந்த முகாமில் அணிவகுத்து நின்ற நூற்றுக்கணக்கான பெண்களில் பெரும்பாலோர் ஜானகியைப் போல் தோடு போட்டு வளர்ந்தவர்கள் அல்லர். நம்மைப் போன்ற தோட்டத்துப் பெண்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாய் மரத்தடியில் நின்றவர்கள். இந்தியாவைக் கண்ணால் காணாதவர்கள் அவர்களில் அநேகம்.

அவர்கள் ஏன் போனார்கள்? இதற்கு விடை நம் கிள்ளான் வட்டாரத்திலேயே இருக்கிறது. 1941ஆம் ஆண்டு, யுத்தம் இங்கே வருவதற்கு முன்பே, கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு, கள்ளுக் கடையை மூடு என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றார்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகக்கூட உரிமை இல்லாதிருந்த காலம் அது! நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

துரைக்கு இறங்கி நின்ற அந்த மக்களைப் பார்த்து, இரண்டே வருஷத்தில் ஒருவர் வந்து, "நீயும் ஒரு சிப்பாய், நிமிர்ந்து நில்" என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? என் தாத்தா வாசலில் நெஞ்சை நிமிர்த்தியது எதற்காக என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ராணுவத்துக்குத் துணை நின்ற ஜப்பான்காரன்தான், நம் தோட்டங்களில் ஆள் பிடித்துச் சயாமுக்கு அனுப்பியவன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. அந்தப் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபரில். சிங்கப்பூரில் ஜான்சி ராணி முகாம் திறந்ததும் அதே மாதம்தான். அடுத்த வருஷம் படைப் பெண்கள் பர்மாவுக்கு ரயிலேறிப் போனதும் அந்தப் பாதை வழியாகத்தான். அண்ணன் போட்ட தண்டவாளத்தின்மேல் தங்கை போனாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலை வேட்கையால் படையில் சேர்ந்தவர்கள் உண்டு. சயாம் பட்டியலில் பெயர் வராமலிருக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. சாப்பாடாவது கிடைக்குமே என்று போனவர்களும் உண்டு. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிற்றைக் கழுவிய காலத்தில் அது குற்றமாகுமா? என் தாத்தா இவர்களில் யார்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

1944இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்து, காயம்பட்ட வீரர்கள் பர்மா மருத்துவமனைகளில் வந்து குவிந்தபோது, ஜான்சி ராணிப் பெண்கள் அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945இல் படை பின்வாங்கியது. ரயிலில் திரும்பிவந்த ஓர் அணியைக் கெரில்லாக்கள் தாக்கியதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, ஜானகியும் அவர் பொறுப்பில் இருந்த பெண்களும் உடன் வந்தார்கள். லாரிகள் ஓடியவரை லாரியில். பிறகு இரவு இரவாக, மழையிலும் சேற்றிலும் கால்நடையாக. நேதாஜியும் அவர்களோடு நடந்தே வந்தார். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நேதாஜி விமான விபத்தில் மறைந்தார். படை கலைந்தது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். எனக்கோ இனிமேல்தான் கதை ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது.

ஜானகி வீடு திரும்பியபோது வயது 20. யுத்தம் தின்றுபோட்ட தோட்டங்களில் நோயும் பசியும் மிஞ்சியிருந்தன. 1946இல் இந்தியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்தபோது அதோடு சேர்ந்து உழைத்தார். அதே வருஷம் ஜான் திவி தலைமையில் மலாயன் இந்தியன் காங்கிரஸ் தொடங்கியபோது அதற்குத் துணை நின்றார். ஆதி நாகப்பனை மணந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். நாட்டின் மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். கணவரை இழந்தபின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014 மே 9ஆம் தேதி, 89 வயதில், கோலாலம்பூரில் தம் வீட்டிலேயே கண்மூடினார். அந்த 89 வருஷத்தில் ராணுவ உடுப்பு போட்டது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சமெல்லாம் வீடும் ஊரும்.

அதே படையிலிருந்து வந்த இன்னொருவர் ராசம்மா பூபாலன். ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆணுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெண்ணுக்கும் கொடு என்று போராடியவர். மாதக் கடைசியில் ஆண் ஆசிரியருக்குச் சமமாக நான் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அதில் அவர் பங்கும் இருக்கிறது.

இவர்கள் பெயராவது ஏட்டில் ஏறியது. மறுபடியும் உளியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே போன தோட்டத்துப் பெண்களின் பெயர்கள் எங்கே? அவர்கள் சுட்ட ரொட்டியைத் தின்றோம், அவர்கள் கட்டிய தொட்டிலில் தூங்கினோம். அவர்களை நாம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பையன் சொன்னது மனத்தை அறுத்துக்கொண்டே இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை என் அத்தையைப் பார்க்கப் போனேன். அத்தை பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். 2015இல் திறந்த தோரண வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அதே வருஷம்தான் கோலாலம்பூரில் உள்ள இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு நேதாஜியின் பெயரையும் வைத்தார்கள்.

"அத்தை, தாத்தா பெட்டியில என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தார். "எங்க அஞ்சு பேரோட பிறப்புப் பத்திரம், அடுக்கி வச்சிருப்பாரு. அதுக்கு அடியில ஒரு காக்கிச் சட்டை. பொறந்த மூணாம் நாளே போய்ப் பதிஞ்சுட்டு வந்துடுவாராம். 'பட்டாளத்துல பேரு எழுதாதவன் கணக்குல இல்ல'ன்னு சொல்வாரு. அதாலதான் எங்களுக்கு நீல ஐ.சி. சிரமமில்லாமக் கெடச்சுது."

நான் பேசவில்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் அமலாக்கப்பட்டபோது, பத்திரம் இல்லாத ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது உங்களுக்குத் தெரிந்ததே. பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் பள்ளிக்கூட வாசலில் அல்லாடும் பிள்ளையை நானே பார்த்திருக்கிறேன்.

"அந்தப் பத்திரமெல்லாம் எங்க போச்சு அத்தை? பெட்டியோட போயிடுச்சா?"

"இல்லம்மா. ஒவ்வொருத்தரும் கல்யாணம் கட்டிப் போறப்ப எடுத்துக் கையில குடுத்துட்டாரு. கடைசியில பெட்டியில மிச்சம் இருந்தது அந்தச் சட்டை மட்டும்தான்."

நாங்கள் லாரியில் ஏற்றியது அந்தச் சட்டையைத்தான்.

ஒன்றரை வருஷம் சிப்பாய். ஐம்பது வருஷத்துக்கு மேல் தகப்பன். பட்டாளத்தில் படித்த பாடத்தை வைத்து ஐந்து பிள்ளைகளை இந்த நாட்டுக் குடிமக்களாக நிறுத்தினார். இதைவிடப் பெரிய ஆள் யார் இருக்க முடியும்?

அன்புள்ள வாசகர்களே, அந்த யுத்தத்தில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்களோடு ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அத்தையாகவோ, பெரியப்பாவாகவோ, பாட்டியாகவோ இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். நம் வீட்டில் யார் பட்டாளத்துக்குப் போனார்கள்? யார் சயாமுக்குப் போனார்கள்? திரும்பி வந்தவர்கள் எப்படிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்? பெயர், தோட்டம், வருஷம் மூன்றையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தால், இரும்புக்குப் போடுமுன் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

நானும் அந்தப் பையனிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் அவகாசம் தந்திருக்கிறேன். நேற்றுக் காலை அவன் என்னிடம் வந்து, "டீச்சர், எங்க பாட்டியோட அண்ணன் சயாமுக்குப் போனாராம். திரும்பி வரலையாம். அவர் பேரு எழுதலாமா?" என்று கேட்டான்.

"முதல் வரியிலேயே எழுதுப்பா" என்றேன்.