கமெராவுக்கும் கண்ணியம் உண்டு

மாவடிப்பள்ளி வயலோரத்திற் கொக்குகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், “இக்கலையை யாரிடம் கற்பது?” என நம்மை வினவினார். நமக்கு ஹோமாய் வியாரவல்லாவின் நினைவு வந்தது.

1913இல் பிறந்த இவ்வம்மையார், இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர். படமெடுக்கக் கற்பித்தவர், பின்னாளிற் கணவரான மானெக்‌ஷா. தொடக்கத்தில் அம்மையாரின் படங்கள் கணவர் பெயரிலேயே வெளியாயின! டில்லியிற் சைக்கிளிற் சென்று நேருவையும் 1947ஆம் ஆண்டுச் சுதந்திர விழாவையும் படம்பிடித்தார். 1970இல் தொழிலைத் துறந்தார். தம் காலத்துப் படப்பிடிப்பாளரிடையே ஒழுங்கும், உடைநெறியும், ஒருவரையொருவர் மதிக்கும் பண்பும் இருந்தன. புதியவர்களோ விரைவிற் பணமீட்டவே விழைந்தனர் என்பது அவர் மனக்குறை.

முதியோர் எவரும் கூறும் குறைதானே எனத் தோன்றலாம். ஆனால், 2024 நவம்பர் வெள்ளத்தில் மதரஸாச் சிறுவர்களைப் பறிகொடுத்த இவ்வூரில் நின்றுகொண்டு அவ்வாறு எண்ண நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையைத் தேடி நிற்கும் தந்தையின் முகத்துக்கு நேரே கைத்தொலைபேசியை நீட்டலாமா? அதையே அவரிடமும் கேட்டோம்.

இளைஞர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கொக்குகளை எடுக்கலாந்தானே?” என்றார்.

எடுக்கலாம் என்றோம்.