கூப்பன் காலத்துக் கம்பளி

வஸ்திர அலங்காரம் என்ற பேச்சு எழுந்தவுடன் பாரிஸ் நகரத்தை உதாரணம் காட்டுவது பலருக்கு வழக்கம். ஆனால் குறைந்த துணியைக் கொண்டு குளிரையும் வென்று கண்ணுக்கும் இனியதாய் உடுத்தும் வித்தையை அறிய விரும்புவோர், யுத்த காலத்து இங்கிலாந்தின் குளிர்காலங்களையே நோக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர்த்தக மந்திரி ஆலிவர் லிட்டில்டன் துணிப் பங்கீட்டை அறிவித்தார். விஷயம் பரம ரகசியமாய் வைக்கப்பட்டிருந்தபடியால், உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் உபயோகமாகாமல் இருந்த மார்கரின் கூப்பன்களே ஆரம்பத்தில் துணிக்கும் செல்லுபடியாயின. முதல் வருஷத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன். உள்துணி வைத்துத் தைத்த கம்பளி மேலங்கிக்கு 14, கம்பளிக் கவுனுக்கு 11, ஒரு ஜோடிக் காலணிக்கு 5 என்று ஒரு ஸ்திரீ கொடுத்துவிட்டால், வருஷப் பங்கில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துபோகும். பின்னர் அந்தப் பங்கும் சுருங்கியது.

இந்த நெருக்கடியில்தான் அந்நாட்டுப் பெண்களின் கற்பனை சுடர்விட்டது. முழங்கை நைந்த ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருள் நீங்கும்படி உலர்த்தி மறுபடி பின்னினார்கள். ஒரு நிற நூல் முழுச் சட்டைக்கும் போதாதபோது, வெவ்வேறு பழஞ்சட்டைகளின் நூலைச் சேர்த்துப் பட்டை பட்டையாகப் பின்னியதில், பற்றாக்குறையே ஒரு புதிய சௌந்தரியமாய் அமைந்தது. வெயிலில் வெளுத்த மேலங்கியின் தையலை முழுவதும் பிரித்து, துணியின் உட்புறம் வெளியே வருமாறு திருப்பித் தைத்தால், மங்காத நிறத்தோடு அது இன்னும் சில குளிர்காலங்களுக்கு உழைக்கும். போர்வைகள் மேலங்கிகளாயின, போர்முனை சென்ற கணவனின் கோட்டும் கால்சட்டையும் மனைவியின் அளவுக்கு வெட்டப்பட்டன. 1943-இல் வர்த்தக இலாகா வெளியிட்ட ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ என்னும் சிறு பிரசுரம் ஒட்டுப்போடுவதையும் இழைகோப்பதையும் வெகு சிரத்தையோடு கற்பித்தது.

தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய கம்பளிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது உத்தமம். இடையே சிறைப்பட்ட காற்றுத்தான் தேகத்தின் உஷ்ணத்தை வெளியேறாமல் காக்கிறது. இந்த உண்மை ஏழைக்கு அனுகூலமானது என்பதில் எனக்கு விசேஷ மகிழ்ச்சி உண்டு.

கூப்பன் எல்லோருக்கும் சமம் என்றாலும், யுத்தத்துக்கு முன்பே அலமாரியை நிரப்பி வைத்திருந்த சீமாட்டிக்கும், உடுத்திய ஒரே கோட்டோடு பங்கீட்டை எதிர்கொண்ட தொழிலாளிப் பெண்ணுக்கும் கஷ்டம் ஒன்றாக இருந்திருக்க முடியாது. பகலெல்லாம் ஆயுதத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, இரவில் ஊசியைக் கையிலெடுத்த அந்தப் பெண்ணின் உழைப்பைச் சொல்லாமல், அக்காலத்துச் சிக்கனத்தை மட்டும் புகழ்வது நியாயமாகாது. அவள் வெறும் அவசியத்துக்காக மட்டுமா தைத்தாள்? மிஞ்சிய துண்டுத் துணியில் கழுத்துப்பட்டை அமைத்து, பழைய கோட்டின் பொத்தான்களை மாற்றித் தைத்தபோது, அழகாக உடுத்தும் உரிமையையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. நிலக்கரித் தட்டுப்பாட்டால் வீடுகள் குளிர்ந்துகிடந்த 1947-ஆம் ஆண்டின் கொடிய பனிக்காலத்தையும் கூப்பனோடுதான் அந்த ஜனங்கள் கடந்தார்கள். 1949 மார்ச் 15-ஆம் தேதியன்றுதான் துணிப் பங்கீடு நீங்கியது.