தனுஷ்கோடிக்கு மறுபடியும் ரயில் வருமா? போட் மெயிலின் கதை

குன்றக்குடியிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது காரைக்குடி ஜங்ஷன். சென்னை எழும்பூர் - ராமேஸ்வரம் ரயில் தினமும் இந்த வழியாகப் போகிறது. ஊர்க்காரர்களுக்கு இன்னும் அது ‘போட் மெயில்’தான். ஆனால் இப்போது போட்டும் இல்லை, அந்தக் கடைசி ஸ்டேஷனும் இல்லை.

பெயர் எப்படி வந்தது?

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், ரயில் தனுஷ்கோடி வரை நேராகப் போனது. இறங்கினால் கப்பல். கடலைத் தாண்டினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்! இலங்கையில் தொழில் செய்த செட்டிநாட்டு வணிகர்களுக்கும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதுதான் வழி.

1964-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 22 நள்ளிரவு. பாம்பனில் இருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்கும்போது புயல் அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஸ்டேஷன், தண்டவாளம், ஊர் எல்லாமே போச்சு. பாம்பன் பாலத்தைச் சில மாதங்களிலேயே சரிசெய்தார்கள். தனுஷ்கோடி பாதையை மட்டும் திரும்பப் போடவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980-களில் இலங்கைப் போரோடு அதுவும் நின்றது.

இப்போ நிலவரம் என்ன?

2019 மார்ச் 1-ல் ராமேஸ்வரம் - தனுஷ்கோடி பாதைக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். நீளம் 17.2 கி.மீ., அன்றைய மதிப்பீடு ரூ.208 கோடி. சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு நிலம் தர முன்வரவில்லை. திட்டம் அப்படியே நிற்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தாச்சு. ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு சரி. அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கான சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது.

அப்போ தேவையா, இல்லையா?

எதிர்க்கரையைப் பாருங்க. போரில் அழிந்த தலைமன்னார் பாதை 2015-லேயே திரும்ப வந்துவிட்டது. இந்தியா - இலங்கை பயணிகள் கப்பலோ 2023-ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை இடையேதான் தொடங்கியது.

இங்கேதான் முக்கியமான கேள்வி. அன்று தனுஷ்கோடி ஸ்டேஷன் இருந்ததே கப்பலுக்காகத்தான். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால், அரிச்சல்முனை வரை 2017-லேயே சாலை வந்தாச்சு. அதற்காகப் புயல் தின்ற மணல் திட்டில் இன்னொரு தண்டவாளம் தேவையா? தலைமன்னாருக்குக் கப்பல் விடும் திட்டம் இருந்தால் பேச்சே வேற. ஆகவே ‘ரயில் எப்போ வரும்’ என்று கேட்பதற்கு முன்னாடி, ‘கப்பல் வருமா’ என்று கேட்க வேண்டும்.