பொதுக்கல்வி உபரிப் பாடம் அல்ல

பிற துறை விருப்பப் பாடம், மதிப்புக் கல்வி, சுற்றுச்சூழல் என்று பட்டப்படிப்பின் நான்காம் பகுதியில் வருபவற்றை நம் கல்லூரிகள் ஒப்புக்கு நடத்துகின்றன. மாணவர்களும் தேர்ச்சிக்காக மட்டுமே படிக்கிறார்கள். கிறித்துவக் கல்லூரிகளாவது இந்தப் போக்கிலிருந்து விலகி நிற்க வேண்டும். அவற்றின் சிறந்த மரபே இத்தகைய பொதுக்கல்விதான்.

சென்னை கிறித்துவக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர், எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்பதைக் கொண்டு கல்லூரியை அளக்கக் கூடாது, சமுதாயத்தின் சிந்தனையை விரிவாக்குவதே அதன் பணி என்று வாதாடினார். அங்கே பயின்ற இராதாகிருஷ்ணன் 1908இல் எழுதிய எம்.ஏ. ஆய்வுரை, வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற மிஷனரிகளின் விமர்சனத்துக்கு மறுப்பு. அதைப் பாராட்டியவர் அவருடைய கிறித்துவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். வேதியியல் ஆசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் தாவரவியலிலும் ஆய்வு செய்தார். தாம்பரம் வளாகத்தில் மரங்களையும் வளர்த்தார். தம் சமயத்துக்கும் தம் துறைக்கும் அப்பால் பார்க்கத் தெரிந்த ஆசிரியர்கள் இவர்கள்.

பொதுக்கல்வியால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இன்று கற்கும் மென்பொருள் நாளை மாறிவிடும். ஆதாரத்தை எடைபோடவும் தெளிவாக எழுதவும் மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்கவும் பழகியவருக்கு அந்தப் பழக்கம் எந்த வேலையிலும் கைகொடுக்கும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகமும் பயணமும் உரையாடலும் வீட்டிலேயே கிடைக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவற்றைத் தரக்கூடிய இடம் கல்லூரி ஒன்றுதான். அவரிடமிருந்து அதைப் பறிப்பது அநீதி.

பொதுக்கல்வி சமயப் பிரசாரமாகிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்தைப் போக்கும் கடமை கல்லூரிக்குத்தான். கிறித்துவ மாணவருக்கு வேதபாடம், மற்றவருக்கு நீதிபோதனை என்று வகுப்பைப் பிரிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மலைப்பிரசங்கம், திருக்குறள், கீதை, குர்ஆன், அம்பேத்கர், பெரியார் ஆகிய அனைத்தையும் எல்லோரும் ஒரே அறையில் படித்து, கேள்வி கேட்டு, விவாதிக்கட்டும்.

இந்தப் பாடங்களை மூத்த பேராசிரியர்களே நடத்த வேண்டும். மனப்பாடத்தைச் சோதிக்கும் தேர்வுக்குப் பதில் கட்டுரையும் களப்பணியும் வேண்டும். வணிகவியல் மாணவர் வரலாற்றையும் இயற்பியல் மாணவர் இலக்கியத்தையும் கட்டாயம் தொட்டுச் செல்ல வேண்டும்.

தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு நிர்வாக உரிமையும் தந்திருக்கிறது. சேர்க்கையிலும் நியமனத்திலும் அந்த உரிமையை வலியுறுத்தும் நிர்வாகங்கள், வரும் கல்வியாண்டிலேயே அதைப் பாடத்திட்டத்திலும் பயன்படுத்த வேண்டும்.