மலிவுத் துப்பாக்கி: யாருக்கு மலிவு?

முந்நூறு டாலருக்குள் ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், சட்டைக்குள் செருகினால் வெளியே தெரியக் கூடாது, இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, எதை வாங்கலாம்?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று இப்படிக் கேட்பவர் யார்? கோடீசுவரரா? அவருக்கு இந்தக் கவலையே கிடையாது. அவர் வாசலில் சம்பளத்துக்குக் காவலாள் நிற்கிறான். கேட்பவர், இரவு முழுவதும் பெட்ரோல் கடையில் தன்னந்தனியாகக் கல்லாவைக் காக்கும் தொழிலாளி. பாதி ராத்திரியில் வேலை முடிந்து இருட்டில் பஸ்சுக்கு நிற்கும் ஆஸ்பத்திரிப் பணிப்பெண். அவர்களுடைய பயம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பயத்தை மூலதனமாக்கி நடக்கும் வியாபாரத்தைப் பற்றித்தான் நமது கேள்வி.

கடைக்காரர் சொல்லும் புத்திமதியைப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் வாங்கு. தோட்டா எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. உள்ளங்கை அளவுத் துப்பாக்கி ஒளித்து வைக்கச் சுலபம்தான். ஆனால் உதைப்பு அதிகம், புதியவன் கையில் குறி தவறும். விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை இல்லாமல் இடுப்பில் வைக்காதே. குறைந்தது 200 தோட்டாவாவது சுட்டுப் பார். சிக்காமல் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள். வீட்டில் பூட்டிய பெட்டியில் வை.

இதில் எதுவும் தப்பான புத்திமதி அல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்பாக்கிக்குச் சுமார் 250 டாலர். உறைக்கும் பெல்ட்டுக்கும் 70. தோட்டாவுக்கு 60. பூட்டுப் பெட்டிக்கு 40. ஆக 420 டாலர். அமெரிக்க மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-லிருந்து அது ஒரு சென்ட் கூட ஏறவில்லை. அந்தக் கூலிக்காரர் வரிப்பிடித்தம் எதுவும் இல்லாமலே 58 மணி நேரம் உழைத்தால்தான் இந்தத் தொகை சேரும். வாடகை கொடுத்து, மருந்து வாங்கி, மிச்சத்தில் இதைச் சேர்க்கிறவர் எதைக் குறைப்பார்? பயிற்சியைக் குறைப்பார். பூட்டுப் பெட்டியைப் பிறகு பார்க்கலாம் என்பார். துப்பாக்கி மட்டும் தலையணைக்கடியில் வந்து சேர்ந்துவிடும்!

சரி, அந்தத் துப்பாக்கியாவது ஒழுங்கானதா? அதைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது?

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கு ஒரு கமிஷன் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அமைத்தது. குழந்தையின் பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு இருந்தால் அந்தக் கமிஷன் தலையிடலாம். கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்யலாம். நிஜத் துப்பாக்கி? அதைத் தொடக் கமிஷனுக்கு அதிகாரம் கிடையாது! அந்தச் சட்டமே துப்பாக்கிக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. உள்நாட்டில் செய்த கைத்துப்பாக்கி கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா என்று சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கலிபோர்னியா மாநிலம் 1999-ல் அப்படி ஒரு சட்டம் செய்தது: கீழே போட்டுப் பார்க்க வேண்டும், 600 தோட்டா சுட்டுப் பார்க்க வேண்டும். முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

அந்தக் கலிபோர்னியாவில்தான் மலிவுத் துப்பாக்கித் தொழில் கொழுத்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டு உற்பத்தியை விட்டுவிட்டது. உடனே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்தன. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, ஏழையின் கைக்கெட்டும் விலையில் லட்சக்கணக்கில் விற்றன. பிரைகோ ஆர்ம்ஸ் அவற்றில் ஒன்று. அதன் துப்பாக்கி ஒன்றில், உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுப்பதற்கே முதலில் பாதுகாப்புப் பூட்டை விலக்கியாக வேண்டும்! 1994-ல் ஒருவர் அப்படித் தோட்டாவை எடுக்க முயன்றபோது அது வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. 2003-ல் ஜூரிகள் கம்பெனியையும் பொறுப்பாளியாகக் கண்டு, கம்பெனித் தரப்பு சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றனர். கம்பெனி என்ன செய்தது? திவால் மனுப் போட்டது. 2004-ல் சொத்துகள் ஏலத்துக்கு வந்தன. கம்பெனியின் பழைய மேஸ்திரியே எடுத்தார். வேறு பெயர்ப்பலகையின் கீழ் வியாபாரம் தொடர்ந்தது. விலை மலிவாக இருந்ததன் ரகசியம் புரிகிறதா? மீதி விலையை அந்தச் சிறுவன் கொடுத்தான்.

இதற்குத் துப்பாக்கிக் கட்சியார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மலிவுத் துப்பாக்கியைத் தடுப்பது ஏழையின் உரிமையைப் பறிப்பதாகும் என்கிறார்கள். ஏழையின் மேல் இவர்களுக்குத்தான் எத்தனை கரிசனம்!

சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். 1967-ல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் கறுப்பின இளைஞர்கள், போலீசின் அடாவடியைக் கண்காணிக்கத் துப்பாக்கியுடன் தெருவில் நின்றார்கள். அப்போதைய சட்டப்படி அது குற்றம் அல்ல. அதே வருஷம், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். அதே ரீகன் ஜனாதிபதியாகி, 1986-ல் துப்பாக்கி வியாபாரத்தின் கட்டுகளைத் தளர்த்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 2016-ல் மின்னசோட்டாவில் லைசென்சு வைத்திருந்த ஒரு கறுப்பினத் தொழிலாளி, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் போலீஸ்காரரிடம் மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில வினாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் விடுதலையானார். உரிமை எல்லோருக்கும் ஒன்றுதானாம்!

2022-ல் உச்ச நீதிமன்றம், வெளியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 2024-க்குள் 29 மாநிலங்களில் லைசென்சு இல்லாமலே ஒளித்து வைத்துக்கொண்டு நடமாடலாம் என்றாயிற்று. துப்பாக்கியால் நடக்கும் குற்றங்களுக்காகக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடுவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. வாங்குகிறவனுக்குத் தடை இல்லை. விற்கிறவனுக்குப் பொறுப்பு இல்லை.

பலன் என்ன? 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000-க்கு மேல். அவர்களில் சுமார் 27,000 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி திருடன் வரும்வரை சும்மா கிடப்பதில்லை. வேலை போன இரவிலும், கடன்காரன் வந்து போன இரவிலும் அது அதே தலையணைக்கடியில் இருக்கிறது. மனம் தெளிந்து விடியும்வரை பொறுக்க அது அவகாசம் கொடுப்பதில்லை.

ஆகவே அந்தப் பெட்ரோல் கடைத் தொழிலாளியிடம் நாம் சொல்வது இது: தோழரே, உங்கள் பயம் நியாயம். ஆனால் உங்களைத் தனியாக இரவில் உட்கார வைத்தது யார்? இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க மனமில்லாத முதலாளி. தெருவிளக்கையும் இரவு பஸ்சையும் செலவு என்று வெட்டியது யார்? உங்கள் சர்க்கார். 420 டாலரை இடுப்பில் செருகிக்கொண்டாலும் நாளை இரவும் நீங்கள் அதே இருட்டில் தனியாகத்தான் உட்கார வேண்டும். பக்கத்துக் கடைத் தொழிலாளியுடன் சேர்ந்து இரண்டாவது ஆளைக் கேளுங்கள். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் அது கிடைக்காது.